அக்கா என்னோடு இருந்த பதினோரு நாள்

மகளின் இடைநிலைப் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு நாள். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. வகுப்பாசிரியை சிரித்த முகமுள்ள மலாய்க்காரப் பெண். நான் நாற்காலியில் உட்காருவதற்குள் எழுந்துவந்து மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார். தன் நாற்காலியிலிருந்த சிறு தலையணையை எடுத்து என் முதுகுக்கு வைத்தார். எத்தனை மாதம் என்று அன்போடு கேட்டார்.

மகள்தான் சொன்னாள். அம்மா கர்ப்பமாக இல்லை, எப்போதுமே இப்படித்தான் இருப்பார் என்று, தேர்வு முடிவைப் பற்றிச் சொல்வதைப் போலச் சாதாரணமாகச் சொன்னாள். ஆசிரியை மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். வீட்டுக்குத் திரும்பும்போது காரில் மகள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். எங்கள் தாமான் குடியிருப்புக்குள் திரும்பும் இடத்தில் சொன்னாள்:

"அடுத்த தடவ அப்பா வரட்டும்மா."

நான் ரவிக்கை தைப்பவள். தஞ்சோங் கிளிங்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடை வரிசையில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். தினமும் பெண்களின் இடுப்பைச் சுற்றி டேப் பிடிக்கிறவள். கையைத் தூக்குங்கள் என்றதும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளாத பெண்ணை நான் பார்த்ததேயில்லை. என்னால் மட்டும் இழுக்க முடியாது. ஏழு வருடம் முன்பு இரட்டைப் பையன்களைச் சுமந்த வயிறு அது. அவர்கள் வெளியே வந்த பிறகும் அது ஊருக்குப் போகாத விருந்தாளியைப் போல அப்படியே தங்கிவிட்டது. தோல் மடிந்து தொங்கியது. என் கணவர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார், கெட்டவர் இல்லை. ஆனால் சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்தால் அதைத் தட்டி, "பையை நகத்து, ரிமோட் அடியில இருக்கு" என்பார். நானும் சிரிப்பேன்.

பள்ளிக்குப் போய்வந்த பத்தாவது நாள், டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒப்பனை அறுவை செய்யும் டாக்டரைப் பார்க்கப் போனேன். நடுவயதுச் சீனப் பெண், அதிகம் பேசாதவர். என்னைப் படுக்கவைத்துத் தலையைத் தூக்கச் சொன்னார். தொப்புளுக்கு மேலே அவருடைய நான்கு விரல்களும் உள்ளே இறங்கின. தசை நடுவில் பிரிந்துவிட்டது, உடற்பயிற்சியால் சேராது என்றார். ஆனால் இது உயிருக்கு ஆபத்தான நோய் இல்லை, செய்துகொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம் என்பதையும் தெளிவாகச் சொன்னார். நர்ஸ் என்னைச் சுவரோரம் நிறுத்தி முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படமெடுத்தாள். படத்தில் தலை வராது, பயப்படாதீர்கள் என்று ஆறுதல் சொன்னாள்.

கடைசியில் டாக்டர் கேட்டார், வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று. கணவருக்கு ஷிஃப்ட் என்றேன். மகள் இருக்கிறாள் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். இடுப்பெலும்பிலிருந்து இடுப்பெலும்புவரை வெட்டப் போகிறேன், பள்ளிக்கூடப் பிள்ளையைக் கணக்கில் சேர்க்காதீர்கள், இரண்டு வாரம் ஒரு பெரிய ஆள் கூடவே இருக்க வேண்டும், ஆள் இல்லையென்றால் தேதி தரமாட்டேன் என்றார்.

அப்படித்தான் அக்காவுக்குப் போன் செய்தேன்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். புலாவ் செபாங்கில் ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தாள். நாங்கள் பிறந்த தோட்டம் அங்கிருந்து பக்கம்தான். அவளுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் விட்டுப்போய் வெகுகாலம். கையுறைத் தொழிற்சாலையில் பேக்கிங் வேலை. எனக்கு இரட்டையர் பிறந்தபோது நாற்பது நாள் வந்து பத்தியம் பார்த்தவள் அவள்தான். உண்மையைச் சொன்னால் வரமாட்டாள் என்றில்லை. வந்திருப்பாள், ஆனால் வருவதற்கு முன், நோயில்லாத உடம்பை எதற்கு வெட்டிக்கொள்கிறாய் என்று கேட்டிருப்பாள். அதனால் குடலிறக்கம் என்றேன். உடனே ஆபரேஷன் செய்யவில்லையென்றால் குடல் சிக்கிக்கொள்ளும் என்று டாக்டர் பயமுறுத்துவதாகவும் சேர்த்துக்கொண்டேன்.

எந்தத் தேதி என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். அந்தப் பக்கம் காலண்டர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"வந்துர்றேன் பாப்பா. நீ பயப்படாதலா" என்றாள்.

நாற்பத்தொரு வயதிலும் அவளுக்கு நான் பாப்பாதான்.

அடுத்த மூன்று வாரம் நான் போருக்குப் போகிறவளைப் போல வேலை செய்தேன். தீபாவளி ஆர்டர்கள் அப்போதுதான் ஓய்ந்திருந்தன. மிச்சமிருந்த ரவிக்கைகளைத் தைத்துக் கொடுத்துவிட்டுக் கடையை அடைத்தேன். சம்பால், கோழிக் குழம்பு, பருப்பு எல்லாம் சமைத்து டப்பா டப்பாவாக உறையவைத்து, மேலே கிழமையை எழுதி ஒட்டினேன். இரண்டு வாரத்துக்கான பள்ளிச் சீருடைகளைத் தேய்த்து மாட்டினேன். வேன் ஓட்டுநருக்கு, டியூஷன் டீச்சருக்கு, தேக்வாண்டோ வகுப்புக்குச் சொல்லி முடித்தேன். குனிய முடியாது என்பதால் எனக்கு வேண்டியதையெல்லாம் இடுப்பு உயரத்துக்கு மாற்றினேன். முன்பக்கம் பொத்தான் வைத்த நான்கு நைட்டிகள் தைத்துக்கொண்டேன். படுக்கையைச் சுற்றித் தரையில் சிவப்பு டேப் ஒட்டி, அந்தக் கோட்டைத் தாண்டி அம்மாமேல் குதிக்கக் கூடாது என்று இரட்டையர்களுக்கு ஒரு வாரம் பழக்கம் கொடுத்தேன். கூப்பிடுவதற்கு அவர்களுடைய பழைய சைக்கிள் மணியைக் கழற்றிக் கட்டில் தலைமாட்டில் திருகிவைத்தேன்.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒரு தோள்பை, ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் இரண்டு விரால் மீன் உயிரோடு இருந்தன. வெட்டின புண் சீக்கிரம் ஆறுவதற்கு விரால் சூப்பைப் போல எதுவும் இல்லை என்று இங்கே எல்லா இனத்தாரும் நம்புகிறார்கள். பாசார் மீன்கடையில் சொல்லிவைத்து வாங்கி, பஸ் முழுக்க அந்த வாளியை இரண்டு காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரிப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். உடனிருந்து பார்த்துக்கொள்பவரின் அடையாள அட்டை எண் கேட்டிருந்தது. அக்கா குளியலறையில் இருந்தாள். பர்ஸில் இருக்கிறது, எடுத்துக்கொள் என்று உள்ளிருந்தே சொன்னாள். எடுத்தேன். அடையாள அட்டைக்குப் பின்னால் அரசாங்க ஆஸ்பத்திரியின் கார்டு ஒன்று இருந்தது. பெண்கள் வார்டு. கர்ப்பப்பையை எடுக்கும் அறுவைக்காகப் வார்டில் சேர வேண்டிய தேதி முத்திரையிட்டிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை. என் ஆபரேஷன் முடிந்து ஐந்தாவது நாள்.

இரண்டு முறை படித்தேன். குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கார்டை இருந்த இடத்திலேயே வைத்தேன். படிவத்தில் அக்காவின் எண்ணை எழுதினேன். உறவு என்ற இடத்தில் அக்கா என்று எழுதினேன்.

பிறகு எனக்கு நானே நிறையச் சொல்லிக்கொண்டேன். அவளே தேதியை மாற்றிக் கேட்டிருப்பாள். அவசரமாக இருந்தால் டாக்டர் விட்டிருக்க மாட்டார். அவளாகச் சொல்லாததை நான் எப்படிக் கேட்பது. இவையெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டவை. கார்டு கையில் இருந்த அந்த நிமிடம் நான் நினைத்தது ஒன்றுதான்: இவள் போய்விட்டால் எனக்கு ஆள் இல்லை.

சாயங்காலம் அவளைக் கவனித்துப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. நகக்கண்ணில் இரத்தமே இல்லை. மாடிக்கு ஏறும்போது நடுப்படியில் நின்று மூச்சு வாங்கினாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். வயசாகுதில்லையா, பொம்பளைங்களுக்கு இந்த வயசில் இருப்பதுதான் என்றாள். மேலே கேட்கவில்லை. கேட்டாயிற்று, அவளே ஒன்றுமில்லை என்றுவிட்டாள் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஆபரேஷன் காலையில் டாக்டர் ஊதா நிறப் பேனாவால் என் வயிற்றில் கோடு போட்டார். துணி வெட்டுவதற்கு முன் நான் சாக்கட்டியால் போடும் கோட்டைப் போலவே இருந்தது. விழித்தபோது யாரோ என்னை இரண்டாக மடித்துக் கட்டிப்போட்டது போலிருந்தது. நிமிர முடியவில்லை. இருமல் வந்தால் உயிர் போய்வந்தது. வயிற்றின் இரண்டு பக்கத்திலிருந்தும் மெல்லிய குழாய்கள் வெளியே வந்து, கைக்கு அடங்கும் இரண்டு ரப்பர்க் குடுவைகளில் முடிந்தன. அவற்றுக்குள் சிவந்த நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் டாக்டர் வந்து கட்டைப் பார்த்துவிட்டு, எவ்வளவு தோல் எடுத்தேன், தசையை எப்படி இழுத்துத் தைத்தேன் என்று ஆங்கிலத்தில் விளக்கினார். அக்கா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவள். என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டாள்.

"குடல உள்ள தள்ளி தைச்சிட்டாங்களாம்க்கா. இனிமே பயமில்லையாம்."

அக்கா எழுந்து நின்று டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். கண் கலங்கியிருந்தது. என் தங்கையைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்று மலாயில் சொன்னாள். டாக்டர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் போர்வையைச் சரிசெய்துகொண்டேன்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தேன். தூண்டில் முள்ளைப் போல வளைந்துதான் நடந்தேன். முழங்காலுக்கு அடியில் மூன்று தலையணை வைத்துத்தான் படுக்க முடியும். அக்கா என்னைத் தூக்கி உட்காரவைத்தாள், கழிப்பறைக்கு நடத்திப் போனாள், கழுவிவிட்டாள். குளியலறையில் நாற்காலி போட்டுத் தலைக்கு ஊற்றினாள். இறுக்கமான வயிற்றுப்பட்டியைக் கழற்றித் துவைத்துக் காயவைத்து மறுபடி கொக்கி கொக்கியாக மாட்டினாள். காலையிலும் மாலையிலும் இரண்டு குடுவையையும் திறந்து அளவுக் கிண்ணத்தில் ஊற்றி, இரட்டையர்களின் பழைய நோட்டில் 'இடது', 'வலது' என்று உருண்டையான எழுத்தில் போட்டு அளவை எழுதினாள். ஒவ்வொரு முறையும் ஊற்றுவதற்கு முன் அந்த நீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். நிறம் வெளுத்திருந்தால் முகம் மலரும்.

"நேத்தைவிட நல்லாருக்கு பாப்பா" என்பாள்.

செவ்வாய்க்கிழமை வந்தது. காலையில் விரால் சூப் கொண்டுவந்து, நான் குடிக்கும்வரை கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்பு. அவள் எழுந்து திரும்பியபோது கைலியின் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்த கறை. அவளுக்குத் தெரியவில்லை. நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கீழே குளியலறையில் அவள் துணி கசக்கும் சத்தம் கேட்டது.

அன்றைக்காவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். சூப்பில் உப்பு அதிகம் என்று சொன்னேன்.

வலி மனிதர்களை மோசமாக்கும் என்பார்கள். எனக்கு அந்தச் சாக்கு செல்லாது. மாத்திரை போட்டால் வலி அடங்கிவிடும், நான் அடங்கவில்லை. இரட்டையர்களை ஏன் போன் பார்க்கவிட்டாய் என்று சிடுசிடுத்தேன். மகள் டியூஷனுக்குப் போடும் சட்டையில் இஸ்திரிக் கோடு தப்பாக விழுந்திருக்கிறது என்றேன். மணியை அடிப்பேன். கீழே சமையலறையில் இருப்பவள் கையைத் துடைத்துக்கொண்டு ஏறி வருவாள். படிகளில் அவள் காலடியை எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன். ஏழாவது படியில் சத்தம் நிற்கும். அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்குகிறாள் என்று எனக்குத் தெரியும். மறுபடி மணியை அடிப்பேன். ஒருநாள் அப்படி அவளை ஏறவைத்தது, ஜன்னல் திரையை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடச் சொல்வதற்கு.

அவள் இல்லாத நேரத்தில் நைட்டியை விலக்கி, பட்டிக்கு மேலாகக் கையை வைத்துப் பார்ப்பேன். வீக்கத்துக்கு அடியிலும் தட்டையாக இருப்பது தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் தையல் இழுக்கும்.

அக்கா வந்த பதினோராவது நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மகள் தட்டைக் கழுவாமல் தொட்டியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அக்கா அவளைக் கூப்பிட்டுக் கண்டித்தாள். அம்மா செத்துப் பிழைத்து வந்திருக்கிறாள், ஒரு தட்டைக் கழுவ உனக்குக் கை இல்லையா என்று கேட்டாள். மாடியில் எனக்கு நன்றாகக் கேட்டது. மகள் சொன்ன பதிலும் கேட்டது.

"அம்மாவுக்கு ஒரு நோயும் இல்ல பெரியம்மா. தொப்பைய வெட்டிக்கிட்டாங்க. அழகா இருக்கணும்னு. அப்பாகிட்ட கேளுங்க."

கீழே தட்டைக் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு படியில் காலடி. ஏழாவது படியில் நின்றது. இந்த முறை நான் மணியைத் தொடவில்லை.

அக்கா உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அது குடுவை ஊற்றும் நேரமில்லை, ஆனாலும் அளவுக் கிண்ணம் கையில் இருந்தது.

"பெரியவ என்னமோ சொல்றா" என்றாள்.

தசை பிரிந்திருந்தது, முதுகு வலித்தது என்று ஆரம்பித்தேன். பாதிப் பொய்யாவது கைகொடுக்கும் என்று நினைத்தேன்.

"குடல் எறங்கலையா?"

"இல்லக்கா."

அவள் குரலை உயர்த்தவில்லை. இடது குடுவையைத் திறந்தாள், ஊற்றினாள், எழுதினாள். வலது குடுவையைத் திறந்தாள், ஊற்றினாள், எழுதினாள். அந்த முறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை. போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து வாசலில் நின்றாள்.

"போன செவ்வாக்கெழம எனக்கு ஒரு ஆபரேஷன் இருந்துச்சு. கர்ப்பப்பைய எடுக்கறதுக்கு. தள்ளி வைங்கன்னு சொல்லிட்டு வந்தேன். உனக்குத் தெரியாது, அதனால உன்ன நான் குத்தம் சொல்லல."

சொல்வதற்கு எனக்கு ஒரு நொடி இருந்தது. அந்த ஒரு நொடியில் நான் இன்னும் கீழே இறங்கினேன்.

"எனக்கு எப்படிக்கா தெரியும்? நீ சொல்லியிருக்கணும்ல."

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம், சொல்லியிருக்க வேண்டும் என்று தன்மேலேயே குற்றத்தை ஏற்றுக்கொண்டதைப் போல ஆட்டினாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சோறு வடித்து வைத்தாள். காய்ந்த துணிகளை மடித்தாள். குடுவையைத் திறந்து மூடுவது எப்படி என்று மகளைக் கூப்பிட்டுக் காட்டிக்கொடுத்தாள். இரட்டையர்களின் தலையில் கைவைத்துவிட்டு, தோள்பையையும் காலி வாளியையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். கணவர் ஷிஃப்டில் இருந்தார். சாயங்காலம் அவர் வந்து காரில் கொண்டுபோய் விடட்டும் என்று நான் மேலேயிருந்து சொன்னது அவள் காதில் விழுந்ததா தெரியாது. மகளிடம், பெரியம்மாவின் பையையாவது பஸ் நிறுத்தம்வரை தூக்கிக்கொண்டு போ என்றேன்.

"பொய் சொன்னது நீ. நான் ஏன் போகணும்?" என்றாள்.

ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, வளைந்த முதுகோடு நின்று பார்த்தேன். வெயில் சுட்டது. கடற்கரைச் சாலைக்குப் போகிற வழியில் அக்கா இரண்டு இடத்தில் நின்றாள். ஒரு வீட்டு மதிலில் கைவைத்து நின்றாள், பிறகு ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிறுத்தத்தில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். பஸ் வந்து மறைத்தது. அது நகர்ந்தபோது அவள் இல்லை.

குழாய்களை எடுத்துவிட்டார்கள். நான் மெல்ல நிமிர்ந்தேன். அக்காவுக்குப் போன் செய்தால் எடுப்பாள், நல்லாயிருக்கேன் என்பாள், வேலைக்கு நேரமாகிறது என்று வைத்துவிடுவாள். ஐந்தாவது வாரம் அவளோடு வேலை செய்யும் ஒரு பெண் கூப்பிட்டாள். அக்கா பேக்கிங் மேசையிலேயே மயங்கி விழுந்துவிட்டாள், கால்வழியாக இரத்தம், ஆம்புலன்ஸில் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றாள். ஆஸ்பத்திரியில் பை பையாக இரத்தம் ஏற்றி, அவசரமாகக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். நாள் குறித்து நிதானமாகச் செய்திருக்க வேண்டியது. உயிர் பிழைத்ததே பெரிது என்று அந்த வார்டு டாக்டர் என் கணவரிடம் சொன்னார். இவ்வளவு நாள் ஏன் விட்டுவைத்தார்கள் என்றும் கேட்டிருக்கிறார். தெரியவில்லை என்று இவர் சொல்லியிருக்கிறார். இவருக்கு உண்மையாகவே தெரியாது.

நான் பார்க்கப் போனபோது எட்டுக் கட்டில் உள்ள வார்டில் ஜன்னலோரம் படுத்திருந்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. நான் நைட்டிக்காலம் முடிந்து, முதன்முறையாக இடுப்புப் பிடித்துத் தைத்த பஞ்சாபி சூட்டில் போயிருந்தேன். வேறு துணியில் போயிருக்கலாம். காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். அக்கா என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய்க்காரப் பெண்ணிடம், இவள் என் தங்கை என்று மலாயில் சொன்னாள். அழகாக இருக்கிறாள் இல்லையா என்று கேட்டாள். அந்தப் பெண் ஆமாம் ஆமாம் என்று சிரித்தாள், எந்தக் கடையில் தைத்தீர்கள் என்று கேட்டாள். அக்கா சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்துவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"நீ கனமா எதயும் தூக்கக் கூடாதுல்ல" என்றாள்.

அது உண்மைதான். புலாவ் செபாங்கில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, அவள் மக்சிக் என்று கூப்பிடுபவர், அவளைப் பார்த்துக்கொண்டார். அந்த மக்சிக்தான் அவளைக் கழுவிவிட்டார், சோறு ஊட்டினார். விரால் சூப் வைத்துக் கொடுத்தாரா என்று நான் கேட்டதில்லை.

என் வயிறு நன்றாகத்தான் வந்தது. தையல் மட்டும் தடித்துவிட்டது. எங்களைப் போன்ற நிறத்தவர்களுக்கு அப்படி ஆகலாம் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். இடுப்பிலிருந்து இடுப்புவரை ஊதாக்கயிறு போலப் புடைத்து நிற்கிறது, அரிக்கிறது. தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆனால் துணிக்குமேல் எதுவும் தெரியாது. கடைக்கு வருகிறவர்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். காலையில் நடக்கிறேன் என்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. இல்லை என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். மகள் தன் தோழிகளை வீட்டுக்குக் கூட்டிவர ஆரம்பித்தாள். ஆனால் எனக்கு ஏதாவது உடம்புக்கு வந்தால், நிஜமாகத்தானா என்று கேட்கிறாள்.

நான்கு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை உம்பாய் மீன்பிடி கிராமத்துக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு, நானே காரோட்டிப் புலாவ் செபாங் போனேன். அக்கா வேலைக்குத் திரும்பியிருந்தாள். அன்று பிற்பகல் ஷிஃப்ட். பாதிச் சீருடையில் கதவைத் திறந்தாள். மீனை வாங்கி ஐஸ்பெட்டியில் வைத்தாள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். மக்சிக்கின் மகன் கல்யாணத்தைப் பற்றிப் பேசினாள். நான் கோபமா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

அவள் என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"காட்டு" என்றாள்.

எனக்குப் புரிந்தது. எழுந்து சட்டையைத் தூக்கினேன். அவள் குனிந்து, கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நிதானமாகப் பார்த்தாள். ஒரு விரலால் தழும்பின்மேல் தடவினாள். அவள் விரல் போவதை நான் பார்த்தேன். தொடுவது மட்டும் தெரியவில்லை.

"நல்லாத்தான் தைச்சிருக்காங்க" என்றாள். என் சட்டையை அவளே கீழே இழுத்துவிட்டாள்.

"கோவமெல்லாம் இல்ல. உன் பீய மூத்தரத்த கழுவினேன். நோயாளின்னு நெனச்சு கழுவினேன், அப்ப எனக்கு அது பெருசா தெரியல. இப்ப நெனச்சாத்தான் கையெல்லாம் நாறுது."

நான் அழுதேன். அவள் தடுக்கவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. சீருடையின் மேல்சட்டையை மாட்டிப் பொத்தான் போட்டாள், தலையை வாரிக்கொண்டாள். அழுதுகொண்டே, அவள் பர்ஸில் அந்தக் கார்டைப் பார்த்ததைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். சொன்னால் எனக்குப் பாரம் இறங்கும், அவளுக்கு ஏறும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் எனக்கு வசதியாகத்தான் இருந்தது. சொல்லவில்லை.

தொழிற்சாலை வேன் வெளியே ஹாரன் அடித்தது. அக்கா விளக்கை அணைத்தாள், கதவைப் பூட்டினாள், சாவியை மக்சிக் வீட்டு ஜன்னலில் கொடுத்தாள்.

"பாத்து ஓட்டு" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாள். பின்சீட்டில் இருந்த பெண்கள் அவளுக்கு இடம்விட்டு நகர்ந்தார்கள். யாரோ என்னவோ சொல்ல அவள் சிரிப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. வேன் ரயில் பாதையைத் தாண்டித் திரும்பியது. நான் காரை எடுத்தேன். மூன்றரை மணிக்கு இரட்டையர்களைத் தேக்வாண்டோ வகுப்பிலிருந்து கூட்டிவர வேண்டும்.